சாட்சிப் பொட்டலம்

மூட்டையின் வயிற்றில் குத்தூசியைச் செருகி இழுத்ததும் உள்ளங்கையில் விழுகிற மிளகைச் சங்கர்ராம் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு முகர்கிறார். இரண்டு மணியை முன்பல்லில் வைத்துக் கடித்துச் சாக்கடைப் பக்கம் துப்புகிறார். அதற்கப்புறம்தான் கண் திறக்கும். "ஈரம் பதிமூணு இருக்கும் சார். மெஷின் பன்னண்டரைன்னு சொல்லும். மெஷினுக்கு எப்பவும் ஜலதோஷமாக்கும்," என்பார். மெஷினும் அப்படியேதான் சொல்லும்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், படகுத்துறைக்கு நாலு கடை தள்ளி இருக்கும் லக்ஷ்மிநாராயணனின் மலைச்சரக்கு மண்டியில் பதினான்கு வருஷமாகச் சாம்பிள் எடுக்கிறவர் அவர். வயது முப்பத்து நான்கு. வேதியியலில் பட்டம் வாங்கிய மறுவாரம் இங்கே வந்து குத்தூசியைப் பிடித்தவர். பாலக்காட்டிலிருந்து கொள்ளுத்தாத்தா காலத்தில் கொச்சிக்கு இறங்கிய குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இதைப் படித்து முடிக்க அவருக்கு ஒரு வாரமாவது ஆகும் என்பதால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

மாலை நாலு மணிவரை அவர் பாலைத் தொடமாட்டார். பால் பட்டால் நாக்கு மந்தமாகிவிடுமாம். ஒரு நாளைக்கு ஆறு முறை எதிர்ச்சாரியில் உள்ள சாயாக் கடைக்கு வந்து பாலில்லாத கட்டன் குடிப்பார். எனக்கு அவர் பழக்கமானது அந்தக் கடை பெஞ்சில்தான். நான் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருஷமாக இந்தத் தெருவில் குடியிருக்கிறேன். இன்னமும் மிளகுத் தூசி பட்டால் பத்துத் தும்மல் போடுவேன். அவர் தும்மி நான் பார்த்ததில்லை.

அவர் பொட்டலம் மடிப்பதைப் பார்க்கவே நான் மண்டிக்குள் போவதுண்டு. பழுப்புக் காகிதம், ஏழு மடிப்பு. நூல் கிடையாது, பசை கிடையாது. தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் ஒரு மணி சிந்தாது. ஒரு மூட்டையில் எடுத்த சாம்பிளைச் சரிபாதியாக இரண்டு பொட்டலம் கட்டுவார். ஒன்று வாங்குகிறவருக்குப் போகும். இன்னொன்று லாட் நம்பரும் தேதியும் எழுதி மண்டியின் மர அலமாரியில் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயர் சாட்சி. பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பார்ப்பார்கள்.

இந்த மண்டிக்கும் இதன் பழைய வாடிக்கைக்காரர்களுக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு உண்டு. வாங்குகிறவருக்குச் சரக்கு வேண்டாமென்றால் பொட்டலத்தைத் திருப்பி அனுப்புவார். திருப்பி அனுப்பாதவரை அந்த லாட் அவருடையது. நடுவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. "வேணுமா, வேண்டாமா" என்று போன் செய்து கேட்பது பரம அசிங்கம். "மொதல்ல மிண்டினா நம்ம கைக்கு நடுக்கம் வந்துடுத்துன்னு அவாளுக்கு மனசிலாயிடும் சார். அப்பறம் விலை நிக்காது," என்று எனக்கு விளக்கியிருக்கிறார். மிண்டுவது என்றால் இங்கே வாய் திறந்து பேசுவது.

ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்காகச் சரக்கு வாங்கும் சேவியர் தோப்பும்படியிலிருந்து தினமும் வருவார். இருவரும் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, கலூர் ஸ்டேடியத்தில் முந்தின நாள் யார் கோல் போட்டார்கள் என்று அரைமணி பேசுவார்கள். நாற்பது மூட்டை மிளகு முடிவாகாமல் இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கும். அதைப் பற்றி ஒரு சொல் வராது. எனக்குத்தான் அவர்கள் சார்பில் கேட்டுவிடலாமா என்றிருக்கும்.

இப்படிப்பட்ட ஆசாமிக்குத்தான் போன வருஷம் நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. உணவுப் பாதுகாப்பில் இரண்டு வருஷ முதுகலைப் படிப்பு, முழு உதவித்தொகை. நேர்முகத்தில் கேமராவுக்கு முன்னால் மிளகைக் கடித்துக் காட்டியிருக்கிறார். பிடித்துப் போயிருக்க வேண்டும். ஆனால் ஜூலையில் அவர் மனைவி சுபாஷிணிக்கு ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு வருஷம் தள்ளித் தர முடியுமா என்று எழுதிக் கேட்டார். தந்தார்கள்.

அங்கே விதி இப்படி. கிடைத்த இடத்தை ஒரே ஒருமுறை, ஒரே ஒரு வருஷம் தள்ளிப்போடலாம். உதவித்தொகையும் கூடவே தள்ளிப்போகும். ஆனால் மே முப்பத்தொன்றுக்குள் 'வருகிறேன்' என்று மறுபடி எழுத வேண்டும். எழுதாவிட்டால் இடமும் பணமும் காத்திருக்கும் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். புதிதாக விண்ணப்பிக்கலாம்தான், ஆனால் உதவித்தொகைக்கு வயது வரம்பு முப்பத்தைந்துக்குள். சங்கர்ராமுக்கு டிசம்பரில் முப்பத்தைந்து முடிகிறது. அதாவது, இதை விட்டால் குத்தூசிதான்.

இடத்தைத் தள்ளித் தந்த கடிதம் வந்த அன்று அதை இரண்டு பிரதி அச்செடுத்தார். ஒன்றில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இன்னொன்றைப் பழுப்புக் காகிதத்தில் ஏழு மடிப்பு மடித்து, தேதி போட்டு, அலமாரியில் சாட்சிகளோடு சாட்சியாக வைத்துவிட்டார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. செப்டம்பரில் வருகிறீர்களா, உறுதி செய்யுங்கள் என்று. அதைப் பெஞ்சில் எனக்குக் காட்டிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். "பாத்தேளா, அவாளே மொதல்ல மிண்டறா."

மே மாதம் நடுவில் இன்னொன்று வந்தது. "ரெண்டாம் தடவை சார். நல்ல டிமாண்ட்தான்."

நான் சிரித்தேன். சிரித்ததற்காக இன்றுவரை எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேடிக்கைக்குச் சொல்கிறார், பதிலைப் போட்டுவிட்டுத்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மனிதர் பதில் போடவே இல்லை. வேதியியல் படித்தவர், ஆங்கிலத்தில் நேர்முகம் தாண்டியவர், அந்த விதியையும் படித்தவர். ஆனாலும் பதினான்கு வருஷப் பழக்கம் கையைப் பிடித்துக்கொண்டது.

"அது சும்மா எழுதி வெக்கற கண்டிஷன்னு நெனச்சுட்டேன் சார்," என்றார் பிறகு. "லந்தக்காரன் நம்மளைவிடப் பழைய மொளகு கச்சவடக்காரனாக்கும். முந்நூத்தம்பது வருஷம் முன்னாடி இதே கடவுல எறங்கி சாம்பிள் மோந்து பாத்தவா. லெட்டர் அவா கையில ஒண்ணு, நம்ம கையில ஒண்ணு. யாரும் திருப்பித் தரலை. அப்போ ஏற்பாடு நிக்கறதுன்னுதானே அர்த்தம்?"

லந்தக்காரன் என்றால் டச்சுக்காரன், கச்சவடம் வியாபாரம், கடவு படகுத்துறை. அவர் இதைச் சொன்னது ஜூன் முதல் திங்கட்கிழமை. அன்று காலை பதினொரு மணிக்கு அவர் பால் ஊற்றிய சாயா கேட்டார். கடைக்காரர் கையில் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டார். ஏதோ விபரீதம் என்று எனக்குப் புரிந்தது. போனை என் பக்கம் நீட்டினார். உங்களிடமிருந்து பதில் வராததால் உங்கள் இடத்தை நீங்கள் விட்டுவிட்டதாகக் கொள்கிறோம். தகுந்த காரணம் இருந்தால் ஐந்து வேலைநாளுக்குள் எழுதலாம், பரிசீலிப்போம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இவ்வளவுதான் அதில் இருந்தது.

மண்டியில் மிளகு மூட்டைகளுக்கு நடுவில் இருந்த கம்ப்யூட்டரில் பதில் எழுத உட்கார்ந்தோம். நான் தும்மிக்கொண்டே யோசனை சொன்னேன். "மெயில் எல்லாம் ஸ்பாமுக்குப் போயிருச்சு, நான் பார்க்கலைன்னு எழுதுங்க. உலகத்துல எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க."

"மேல நல்ல மொளகு, அடியில பொக்கு. அந்த சாம்பிள் நான் வெக்கமாட்டேன் சார்."

"இடம் போயிரும்யா."

"போனா போறது," என்றார். பிறகு உள்ளதை உள்ளபடி எழுதினார். எங்கள் தொழிலில் பொட்டலம் திரும்பாவிட்டால் ஏற்பாடு நிற்கிறது என்று பொருள், நீங்கள் நினைவூட்டியதை நான் உங்கள் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன், தவறு என்னுடையது. நான் ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றினேன். மாலை நாலு மணிக்கு அனுப்பினார்.

அடுத்த மூன்று நாள் அவரைப் பார்ப்பதே எனக்குச் சிரமமாக இருந்தது. ஈரம் பதின்மூன்று என்றார், மெஷின் பதினைந்து என்றது. மடிப்பு ஐந்திலேயே நின்றது, சேவியரின் மடியில் பொட்டலம் பிரிந்து மிளகு தெருவெல்லாம் ஓடியது. போன் வலது பையில் அதிர்ந்தால் கை இடது பைக்குப் போயிற்று. அங்கே மணி மூன்றரை மணிநேரம் பின்தங்கி இருப்பதால் தினமும் பகல் பன்னிரண்டரைக்குப் படகுத்துறைப் பக்கம் போய் நின்றுகொள்வார். "இப்பத்தான் ஆபீஸ் தொறப்பா," என்பார். வல்லார்பாடம் பக்கம் கப்பல் போவதைப் பார்த்துக்கொண்டே போனைத் தேய்ப்பார். முதலாளி லக்ஷ்மிநாராயணன், "அவனை யாரும் ஒண்ணும் கேக்காதீங்கோ," என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"வீட்ல தெரியுமா?" என்று கேட்டேன்.

"சுபாவுக்கா? அவளை எதுக்கு பேடிப்பிக்கணும், பயந்துடுவா."

புதன்கிழமை அது நடந்தது. பெஞ்சில் சேவியர் வழக்கம்போலக் கோல் கணக்கை ஆரம்பித்தார். சங்கர்ராம் குறுக்கே பாய்ந்து, "சேட்டா, அந்த நாப்பது சாக்கு எடுக்கறேளா, இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

சேவியர் கிளாஸைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று பார்த்தேன். வந்தது கவலை. "எந்து பற்றி சங்கரா? வீட்டில் ஆர்க்கெங்கிலும் சுகமில்லே?" என்று அவர் தோளைத் தொட்டார். யாருக்கோ உடம்பு சரியில்லை என்றே நினைத்துவிட்டார். பதினான்கு வருஷத்தில் இந்தப் பெஞ்சில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டேகாலுக்கு நெதர்லாந்திலிருந்து பதில் வந்தது. என்னைப் படித்துக் காட்டச் சொன்னார், தன் கண்ணை நம்பவில்லை. உங்கள் கடிதத்தை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் படித்தோம். இடத்தையும் உதவித்தொகையையும் திருப்பித் தருகிறோம். காலியான இடங்களை இன்று பகல் பன்னிரண்டுக்கு அடுத்தவர்களுக்கு விடுகிறோம், அதற்குள் இணைப்பில் உள்ள படிவம் வந்து சேர வேண்டும். தயவுசெய்து இந்த முறை மௌனமாக இருக்க வேண்டாம்.

அவர்களுக்குப் பன்னிரண்டு, நமக்கு மூன்றரை. லக்ஷ்மிநாராயணன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து பின்னால் நின்றார். சுமை தூக்குகிறவர்கள்கூட மூட்டையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் என்று சங்கர்ராம் போனிலேயே தட்டிக்கொண்டு போனார். நெட் இரண்டு முறை நின்று வந்தது. கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. தங்குவதற்குத் தனி அறையா, குடும்ப வீடா என்று கேட்டிருந்தார்கள்.

"சுபாஷிணி என்ன சொல்றாங்க?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லலை."

"நீங்க கேட்டீங்களா?"

"போன வருஷமே சொன்னேன் சார், அடுத்த வருஷம் போறோம்னு. அவ வேண்டாம்னு சொல்லலையே," என்றார். சொன்னவர் அப்படியே என்னைப் பார்த்தார்.

அப்போது மணி இரண்டு ஐம்பது. போன் செய்யுங்கள் என்றேன். போனில் அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று தனக்குத் தெரியாது என்றார். அலமாரியிலிருந்து தன் பொட்டலத்தை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. குடை என்னிடம் இருந்ததால் நானும் ஓட வேண்டியதாயிற்று. அவர் வீடு இருக்கும் செரளாயிக்குப் பத்து நிமிஷ நடை. முன்னால் ஒரு லாரி, குறுக்கே இரண்டு ஆடு. ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. கையில் கிடைத்த சொர்க்கத்தை விட்டுவிட்டு மழையில் ஓடுகிற இந்த மனிதரை நாலு அறை அறையலாமா என்று எனக்கு வந்தது.

சுபாஷிணி அமெரிக்க ஆஸ்பத்திரிக் கோப்புகளுக்கு வீட்டிலிருந்தே குறியீடு போடுகிற வேலை பார்க்கிறார். காதில் ஹெட்போனோடு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். பக்கத்தில் பாயில் ஒன்பது மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நனைந்து நின்ற எங்கள் இருவரையும் பார்த்து ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டார். சங்கர்ராம் பொட்டலத்தை நீட்டினார்.

"மொளகா? வீட்டுல இருக்கே."

"பிரி."

ஏழு மடிப்பையும் பிரித்துப் படித்தார். "இது போன வருஷத்து லெட்டராச்சே."

"ஆமாம். இன்னிக்கு மூணரைக்குள்ள அவாளுக்கு பதில் சொல்லணும். நீ வரயா?"

சுபாஷிணி இன்னொரு காதையும் விடுவித்தார். "போன வருஷம் நீங்க எங்கிட்ட சொன்னேள், அடுத்த வருஷம் போறோம்னு. அப்போ என் கையில டிரிப் ஏறிண்டிருந்தது. நெனவிருக்கா?"

"இருக்கு. நீ ஒண்ணும் சொல்லலை. நான் அதை ஆமாம்னு எடுத்துண்டேன்."

"குழந்தை தங்குமான்னு நான் எண்ணிண்டிருந்தேன். நீங்க சொன்னதே காதுல விழலை."

சங்கர்ராம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அது என் தப்பு. இப்போ கேக்கறேன். நீ வேண்டாம்னா தனி ரூம்னு போடறேன். போகவே வேண்டாம்னா அதையும் எழுதறேன். மிண்டாம மட்டும் இருக்காதே, சுபா."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஏழு. சுபாஷிணி குழந்தையைப் பார்த்தார், திரையில் திறந்து கிடந்த வேலையைப் பார்த்தார். மூன்று பத்து. சங்கர்ராம் போனை எடுத்தார், மடியில் வைத்தார், மறுபடி எடுத்தார். அழுத்தவில்லை. நான் அழுத்தித் தொலைத்துவிடட்டுமா என்று இரண்டு முறை வாய்வரை வந்ததை விழுங்கினேன். மூன்று பதினாறு.

சுபாஷிணி கடிதத்தை மறுபடி மடிக்க ஆரம்பித்தார். அதே மடிப்புத் தடத்தில், ஒவ்வொன்றாக, ஏழும். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தார். பொட்டலம் திரும்பி வந்தால் என்ன பொருள் என்று இந்த ஆறு வருஷத்தில் நானும் கற்றுக்கொண்டிருந்தேன். சங்கர்ராமின் கை தானாக முன்னால் நீண்டது, வாங்கிக்கொள்வதற்கு.

சுபாஷிணி கொடுக்கவில்லை. பொட்டலத்தைக் குழந்தையின் தலைமாட்டில், மருந்து பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வரோம்," என்றார் மெதுவாக. "நீங்க மொதல்ல போங்கோ. அவன் நடக்க ஆரம்பிக்கட்டும். ஜனவரிக்கு மேல நானும் அவனும் வரோம்."

சங்கர்ராம் குடும்ப வீடு என்ற கட்டத்தைத் தொட்டு அனுப்பினார். அனுப்பிய நொடியே 'கிடைத்தது' என்று பதிலும் வந்துவிட்டது. மணி மூன்று இருபத்திரண்டு. நான் குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். அவர் போனைத் தரையில் வைத்துவிட்டு, படியிலிருந்து எழாமலே மனைவியின் பக்கம் நகர்ந்து, தன் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துவைத்துக்கொண்டார்.

"மழைச் சத்தத்துல சரியா கேக்கலை. இன்னொரு தடவை சொல்லு."